முதலில் பெட்டி, பிறகு விடுதி

சில வருடங்களுக்கு முன்பு வரை எங்கள் வீட்டில் விடுமுறை என்றால் முதல் வேலையாக விடுதிக்குப் பணம் கட்டிவிடுவோம். போய் இறங்கி மூட்டையை அவிழ்த்த பிறகுதான் "இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். பெரும்பாலும் ஏதாவது ஒரு கடைத்தொகுதிக்குள் போய் முடியும். தென்னாப்பிரிக்காவில் எங்கள் ஊரான டர்பனில் இல்லாத கடையா? இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். நல்ல பெட்டிகள் நாலைந்து எந்த ஊரைச் சுற்றி இருக்கின்றனவோ, அந்த ஊரில் விடுதி.

பெட்டி என்று நான் சொல்வது ஜியோகேச்சிங் பெட்டியை. யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் ஆயத்தொலைவை, அதாவது அட்சரேகை தீர்க்கரேகை எண்களை, இணையத்தில் போடுகிறார். நாம் கைப்பேசியோடு போய்த் தேடி, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருகிறோம். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் காட்டோரம் ஒரு வாளியை ஒளித்துவைத்து ஊருக்குச் சொன்னார். அந்த வாளியில் ஒரு டின் பீன்ஸும் இருந்தது. இன்றைக்குப் பெட்டிக்குள் உணவுப் பொருள் வைக்கக் கூடாது என்பது விதி. ஏன் என்று எங்கள் ஊர்க் குரங்குகளைக் கேட்டால் தெரியும்.

வரைபடத்தைத் திறந்தால் புள்ளிகள் மொய்க்கும். எல்லாவற்றுக்கும் கிளம்பினால் விடுமுறை முழுவதும் வேலிக் கம்பங்களைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இரண்டு டப்பாக்களுக்கு நடுவே 161 மீட்டர் இருந்தால் போதும் என்பதால், ஒரே சாலையில் கம்பத்துக்குக் கம்பம் வைத்துக்கொண்டே போகிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணிக்கைக்கு அலைகிறவர்களுக்கு அது திருவிழா. எனக்கு அது ரேஷன் கடை வரிசை.

நான் முதலில் பார்ப்பது விருப்பப் புள்ளியை, அதாவது பெட்டி பிடித்துப்போனவர்கள் அதற்குக் கொடுக்கும் பாராட்டை. தளத்துக்குச் சந்தா கட்டிய உறுப்பினர் பத்துப் பெட்டி கண்டுபிடித்தால்தான் ஒரு புள்ளி வழங்க முடியும். ஆகவே யாரும் அள்ளி இறைப்பதில்லை. ஆனால் மொத்தப் புள்ளியைப் பார்த்து ஏமாறாதீர்கள். 900 பேர் கண்டு 40 புள்ளி பெற்றது வழியில் இருக்கிறது என்பதற்காகவே பலரும் எடுத்த பெட்டியாக இருக்கலாம். 20 பேர் மட்டும் கண்டு 8 புள்ளி பெற்றது இருக்கிறதே, அதற்காக ஐம்பது கிலோமீட்டர் சுற்றிப் போகலாம்.

அடுத்தது, கடைசியாக வந்தவர்கள் எழுதிய குறிப்புகள். "கிடைத்தது, நன்றி" என்பதோடு நிறுத்தியிருந்தால் இடத்தில் விசேஷம் ஒன்றுமில்லை. நாலு வரி எழுதியிருந்தால் ஏதோ இருக்கிறது. அடுத்தடுத்து மூன்று பேர் "கிடைக்கவில்லை" என்று எழுதியிருந்தால், உங்களுக்கும் கிடைக்காது; பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நிலத்தின் கடினத்துக்கு 1 முதல் 5 வரை எண் கொடுத்திருப்பார்கள். 5 என்றால் படகோ கயிறோ வேண்டும். எங்களோடு என் அம்மா வருவார். பிள்ளைகளுக்கு ஆயா, வயது 74, முழங்கால் வலி. அதனால் நாளுக்கு ஒரு பெட்டியாவது 1.5க்குள் இருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். ஆயா வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிற விடுமுறை எனக்கு விடுமுறையே இல்லை.

போன புரட்டாசியில் போய்வந்த பயணத்தையே சொல்கிறேன். செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை வரும். எங்கள் வீட்டில் புரட்டாசி முழுவதும் கவிச்சி கிடையாது. வழிக்கு உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி, மாங்காய் ஊறுகாய், பிளாஸ்கில் தேநீர். டர்பன், பீட்டர்மரிட்ஸ்பர்க், ஹோவிக், அங்கிருந்து ஹைம்வில், கடைசியில் சானி கணவாய். நான்கு நாள், பதினொரு பெட்டி. அதற்கு மேல் வைத்தால் என் வீட்டுக்காரர் மூன்றாம் நாள் ஸ்டீயரிங்கை என் கையில் கொடுத்துவிடுவார்.

பருவத்தையும் கணக்கில் வையுங்கள். டிராக்கன்ஸ்பெர்க் மலையில் டிசம்பர், ஜனவரி பிற்பகல்களில் இடியும் மழையும் சொல்லிவைத்தாற்போல வரும்; அப்போது போகிறீர்கள் என்றால் மேடேறும் பெட்டிகளை மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். கேப் டவுன் பக்கம் நேர்மாறு, அங்கே மழை குளிர்காலத்தில். செப்டம்பரில் மலையடிவாரப் புல் காய்ந்து, பல இடங்களில் எரிந்தும் கிடக்கும். ஹைம்விலுக்கு வெளியே ஒரு பாறை இடுக்கில் நாங்கள் கண்டது பெட்டியே அல்ல. இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா ஒன்று உருகி, அப்பளம்போல் சுருண்டு, அதன் மூடியில் ஒரு பொம்மை காரின் நான்கு சக்கரங்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பினேன். அன்றிரவே நன்றி சொல்லிப் பதில் வந்தது. கோடையில் தீ பற்றாது. ஆனால் புல் இடுப்பளவு நிற்கும், டப்பா கண்ணில் படாது. எது தேவலை என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன் வீட்டு வைஃபையிலேயே பெட்டிப் பட்டியலையும் வரைபடத்தையும் கைப்பேசியில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். மலையில் சமிக்ஞை கிடைக்காது. நான் ஆண்ட்ராய்டில் சி:ஜியோ செயலியைப் பயன்படுத்துகிறேன்.

ஆயத்தொலைவு விஷயத்தில் என் அண்ணன் மகன் எங்களுக்கு ஒரு பாடம் நடத்தினான். பன்னிரண்டு வயது, எண்களைத் தானே தட்டுவேன் என்று அடம். ஹோவிக் பெட்டிக்கு 29 என்று தட்டினான். தெற்கு என்பதற்கான கழித்தல் குறியை விட்டுவிட்டான். கைப்பேசி எங்களை 6,500 கிலோமீட்டர் வடக்கே, எகிப்துப் பாலைவனத்துக்கு வரச் சொன்னது. "அத்தை, பிரமிட் பக்கத்தில்தான் இருக்கிறது" என்று அவன் குதித்தான். அது உடனே தெரிகிற தவறு. தெரியாமல் கெடுப்பது இன்னொன்று. பெட்டிகளின் ஆயத்தொலைவு பாகை, தசம நிமிடம் என்ற முறையில் இருக்கும். 28.500 என்றால் இருபத்தெட்டரை நிமிடம், அதாவது 28 நிமிடம் 30 வினாடி. அதை 28 நிமிடம் 50 வினாடி என்று படித்தால் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப்போய், யாருடைய பண்ணைக்குள்ளோ நிற்பீர்கள். நான் நின்றிருக்கிறேன். நாய்கள் இருந்தன.

எல்லாப் பெட்டிக்கும் டப்பா இருக்காது. மெய்நிகர் பெட்டி என்று ஒரு வகை. இடத்துக்குப் போய், கேட்ட கேள்விக்கு விடையோ படமோ அனுப்பினால் போதும். 2005க்குப் பிறகு இதை யாரும் நினைத்தபடி உருவாக்க முடியாது என்பதால், மீதமிருப்பவை பெரும்பாலும் நல்ல இடங்களில் இருக்கின்றன. இன்னொன்று எர்த்கேச், அங்கே விடை பாறையிலும் மண்ணிலும் இருக்கும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இந்த இரண்டையும்தான் முதலில் சிபாரிசு செய்வேன். புதருக்குள் கை விட வேண்டாம், டப்பா காணாமலும் போகாது.

பெட்டி இல்லாவிட்டாலும் வழியில் நிறுத்த வேண்டிய இடங்கள் உண்டு. பீட்டர்மரிட்ஸ்பர்க் ரயில் நிலையம்: 1893 ஜூன் 7ஆம் தேதி இரவு காந்தியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்ட இடம். அம்மா நடைமேடையில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு ஹோவிக்கில் 95 மீட்டர் அருவி. அதற்குச் சற்றுத் தள்ளி, 1962 ஆகஸ்ட் 5ஆம் தேதி நெல்சன் மண்டேலா கைதான சாலையோரம். அங்கே 50 இரும்புத் தூண்கள் கோணலும் மாணலுமாக நிற்கின்றன. பக்கவாட்டில் பார்த்தால் கம்பிக் குவியல். பாதையில் நடந்துகொண்டே வந்து ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் தூண்கள் எல்லாம் சேர்ந்து மண்டேலாவின் முகமாகிவிடுகின்றன. இரண்டடி தள்ளினால் முகம் கலையத் தொடங்குகிறது. எகிப்துக்குப் போக இருந்தவன் முன்னும் பின்னும் நகர்ந்து, முகம் சரியாகச் சேரும் இடத்தின் ஆயத்தொலைவைக் குறித்துக்கொண்டான். கழித்தல் குறியோடு.

சானி கணவாய்க்குத் தனியாகத் திட்டமிடுங்கள். தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியைத் தாண்டி மேலே ஏற நான்கு சக்கர இயக்க வண்டி வேண்டும். மேலே லெசோத்தோ நாடு என்பதால் கடவுச்சீட்டும் வேண்டும். மாலை 6 மணிக்கு எல்லை மூடிவிடும். எங்கள் சிறிய காரை அடிவாரத்தில் விட்டுவிட்டு, உள்ளூர் ஓட்டுநர் ஒருவரின் வண்டியில் ஏறினோம். உச்சி கிட்டத்தட்ட 2,870 மீட்டர். ஏற ஏறப் பாறையைப் பார்க்கச் சொல்லி எல்லோருக்கும் கட்டளையிட்டேன்: கீழே வெளிறிய மணற்கல், மேலே கறுத்த எரிமலைப் பாறை, சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பரவிய குழம்பு. எர்த்கேச் கேள்விகள் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும்: நிறம் எங்கே மாறுகிறது, கையால் தொட்டால் எப்படி இருக்கிறது. அம்மா ஜன்னல் வழியாகவே பார்த்து எங்களுக்கு முன்னால் சொல்லிவிட்டார். "பொங்கிச் சட்டி விளிம்பில் காய்ந்த பால் மாதிரி இருக்கிறது" என்றார். விடையில் அதையும் சேர்த்து அனுப்பினேன்.

இனி எச்சரிக்கைகள். எங்கள் மாகாணமான குவாசுலு-நேட்டாலில் புதரிலோ இடுக்கிலோ கை விடுவதற்கு முன் கோலை விடுங்கள். பஃப் ஆடர் என்கிற விரியன் பாம்பு மிதிக்கும் வரை அசையாது. புல்லுக்குள் போனால் நீளக் காற்சட்டை, இரவு குளிக்கும்போது உண்ணி பார்ப்பது. வண்டிக்குள் பை தெரிகிற மாதிரி வைக்காதீர்கள். ஆளரவமில்லாத காட்சிமுனைக்கு மாலையில், அதுவும் தனியாக, எவ்வளவு விருப்பப் புள்ளி இருந்தாலும் போகாதீர்கள். குரங்கு கதை இதுதான்: யாரோ ஒரு புண்ணியவான் பெட்டிக்குள் மிட்டாய் வைத்திருக்கிறார். நாங்கள் போனபோது மூடி மரத்தடியில், டப்பா மரத்தின் மேல், தாள் எங்கும் இல்லை. பண்டமாற்றாக நாங்கள் வைப்பது கண்ணாடி வளையலும் சின்னப் பித்தளை மணியும். எதையாவது எடுத்தால் அதே மதிப்புள்ளதை வைக்க வேண்டும், அல்லது எதையும் எடுக்காமல் பெயரை மட்டும் எழுதலாம்.

விளையாட்டை அறியாதவர்கள் பார்க்கும்போது டப்பாவை எடுக்கக் கூடாது. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி வேலியோரம் குனிந்து துழாவினால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? கீரை பறிக்கிறேன் என்பேன். ஹோவிக் பக்கம் ஒரு காவலாளி அதை நம்பி, இங்கே நல்ல இமிஃபினோ (காட்டுக் கீரை) இல்லை, ஓடைக்கரைக்கு வா என்று அழைத்துப்போய் மடி நிறையப் பறித்துக் கொடுத்தார். வெட்கமாகிவிட்டது. உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, டப்பா எந்தக் கல்லின் கீழே இருக்கிறது என்று காட்டினார். ஒரு வருடமாகத் தெரியுமாம்.

கையோடு எடுத்துப்போக: இரண்டு பேனா, சின்ன டப்பாவிலிருந்து சுருட்டிய தாளை உருவ ஒரு சாமணம், டார்ச், உபரித் தாள். ஜி.பி.எஸ். உங்களைச் சில மீட்டர் வட்டத்துக்குள் கொண்டுவிடும். பள்ளத்தாக்கில் செங்குத்துப் பாறைக்குக் கீழே அந்த வட்டம் இன்னும் பெரிது. அதற்குப் பிறகு திரையைப் பார்க்காதீர்கள். இயற்கை அடுக்காத மாதிரி அடுக்கிய கல்லைத் தேடுங்கள்.

பிடித்துப்போன ஊரில் நாமும் ஒன்றை ஒளித்துவைத்துவிட்டு வரலாமே என்று ஆசை வரும். பெட்டியை வைத்தவர் அதைப் பராமரிக்கவும் வேண்டும் என்பதால், விடுமுறைக்குப் போன ஊரில் வைப்பதைப் பொதுவாக அனுமதிக்க மாட்டார்கள். உங்கள் தெருவில் வையுங்கள், இடத்துக்குரியவரிடம் கேட்டுக்கொண்டு.

வரும் ஜூலைக்கு பார்பர்டன். 2018இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மகோஞ்ச்வா மலைகள். 325 கோடி முதல் 360 கோடி ஆண்டு பழைய பாறைகள் சாலையோரத்திலேயே தெரிகின்றன, ஆயாவின் முழங்காலுக்குத் தோது. வெயிலும் கொசுவும் குறைவு என்பதால் குளிர்காலம். ஆறு பெட்டிகளைக் குறித்துவைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றில் கடைசி இரண்டு பேர் "கிடைக்கவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது ஆள் யார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.