கோவைக் குற்றாலம்: ஊருக்கு வந்தால் ஒரு காலைப்பொழுது

லீவுக்குக் கோவை வருகிறவர்கள் பெரும்பாலும் ஊட்டிக்குத்தான் ஓடுகிறார்கள். கைக்குழந்தையும் வயதான அம்மா அப்பாவும் கூட இருந்தால் அந்தக் கொண்டை ஊசி வளைவுகள் எல்லோரையும் வாட்டிவிடும். அதற்குப் பதில் ஒரு காலைப்பொழுதைக் கோவைக் குற்றாலம் அருவிக்குக் கொடுங்கள். நகரத்திலிருந்து மேற்கே 35 கிலோமீட்டர் அளவில்தான். பேரூர், ஆலாந்துறை தாண்டி சிறுவாணி ரோட்டில் போனால் சாடிவயல். அங்கே வனத்துறை சோதனைச் சாவடி இருக்கிறது, டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக முடியும்.

கிளம்புவதற்கு முன் ஒரு விஷயம். திங்கட்கிழமை விடுமுறை. அது மட்டுமில்லை, மலையில் பலத்த மழை பெய்து வெள்ளம் வந்தாலும், யானை நடமாட்டம் அதிகமாக இருந்தாலும் திடீரென்று மூடிவிடுவார்கள், ஆகவே முந்தின நாளே உள்ளூரில் யாரிடமாவது சொல்லி, திறந்திருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அப்போது தண்ணீர் கொட்டும், மூடப்படும் நாட்களும் அதிகம். மார்ச், ஏப்ரலில் வந்தால் அருவி மெலிந்துதான் இருக்கும். என்னைக் கேட்டால் மழை ஓய்ந்த பிறகு டிசம்பர் வாக்கில், சனி ஞாயிறு இல்லாத நாளில் போவதுதான் நல்லது.

உள்ளே நடை கொஞ்ச தூரம்தான். ஆனால் அவசரப்படாதீர்கள். இரண்டு பக்கமும் காடு கவிந்து நிற்கும், பாறைகளுக்கு நடுவே ஓடை சலசலக்கும், வெயில் இலைகளின் வழியே துண்டு துண்டாகத்தான் விழும். இந்தத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் சேர்ந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். திருப்பூரில் சாயக்கழிவு கலந்து கறுத்துப்போன நொய்யலைப் பார்த்தவர்களுக்கு, இங்கே கண்ணாடி மாதிரி ஓடும் அதே தண்ணீரைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கும்.

அருவியில் குளிக்கலாம், சோப்பும் ஷாம்பூவும் வேண்டாம். பாறை பாசி பிடித்து வழுக்கும், அதனால் பிடிமானமுள்ள செருப்பு போடுங்கள், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ வேகம் கூடினாலோ, யாரும் சொல்லும்வரை காத்திருக்காமல் உடனே கரையேறிவிடுங்கள், மேலே மழை பெய்திருக்கும். ஈரமான நாட்களில் அட்டை ஏறும். பயப்பட வேண்டாம், பிடித்து இழுக்காமல் கொஞ்சம் உப்பு வைத்தால் தானே விழுந்துவிடும்.

பிளாஸ்டிக் பையோ பாட்டிலோ கொண்டுபோக வேண்டாம், ஒரு ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் போதும். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் குரங்கு பிடுங்கிவிடும். போனில் பணம் அனுப்பும் வசதி வெளிநாட்டிலிருந்து வருகிற பலரிடம் இருக்காது, காட்டுக்குள் சிக்னலும் சரியாகக் கிடைக்காது, அதனால் சில்லறை நோட்டு கொஞ்சம் கையில் இருக்கட்டும். மாற்றுத் துணியும் துண்டும் மறக்காதீர்கள்.

காலையிலேயே குளித்து முடித்துவிட்டால், திரும்பும் வழியில் பேரூர் பட்டீசுவரர் கோயிலில் இறங்கலாம். அங்கே கனகசபைத் தூண்களில் இருக்கும் சிற்பங்களைப் பார்க்க ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். மதியம் நடை சாத்தியிருந்தால் மாலையில் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.