அம்பாசடரின் பின்பக்கச் சத்தம்

என் 1984 அம்பாசடர் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் கிரீச்சென்று முனகியது. ஷாக் அப்சார்பர்தான் என்றார் மெக்கானிக். இரண்டையும் மாற்றினேன்; சத்தம் போகவில்லை.

பிறகு நானே வண்டிக்கு அடியில் படுத்தேன். தம்பி டிக்கியை அமுக்கி அமுக்கி விட, பட்டை ஸ்பிரிங்கின் (எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) பின்முனையில், அதை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஆடும் இணைப்பான ஷாக்கிள் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் மட்டும் விரல்நுனியில் அதிர்ந்தது. சோப்புத் தண்ணீர் ஊற்றியதும் முனகல் அடங்கியது. ஷாக்கிள் போல்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை, அதாவது புஷ்தான்! கழற்றினால், ஒருபக்கம் காகிதமாகத் தேய்ந்திருந்தது.

இருபக்கமும் புதிய புஷ் போட்டேன். கிரீஸ் தடவவில்லை, அது ரப்பரைக் கெடுத்துவிடும். ஜாக்கியை இறக்கி, வண்டியின் எடை சக்கரங்களில் நின்ற பிறகே போல்டுகளைக் கடைசியாக இறுக்கினேன். சக்கரங்களைத் தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும்.

மாலையில் தெருமுனை வேகத்தடையில் மூன்று முறை ஏற்றி இறக்கினேன். எஞ்சின் ஒலி மட்டுமே கேட்டது.