தொலைபேசி வழியாக மூச்சை எண்ணுவது எப்படி?

கொரோனா, ஃப்ளூ போன்ற தொற்று கண்டு வீட்டில் தனித்திருப்பவரை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே கவனிக்கும் பொறுப்பைப் புதிதாக ஏற்றவர்களுக்கான விளக்கம் இது. வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் கேட்டுக் குறிக்க உங்களுக்குத் தெரியும். நாட்கணக்கை மட்டும், பரிசோதனை முடிவு வந்த நாளிலிருந்து அல்லாமல், காய்ச்சலோ இருமலோ தொடங்கிய நாளிலிருந்து போடுங்கள்; கொரோனா முற்றுவது பெரும்பாலும் 5 முதல் 10 நாட்களுக்குள் என்பதால், அப்போது தினமும் இருவேளை அழையுங்கள்.

அடுத்தது மூச்சு. நம் ஊர் ஆச்சிமாரிடம் கேட்டால், "ஒண்ணும் இல்ல சார், லேசா எளப்பாத்தான் இருக்கு" என்பார்கள். அந்த 'லேசா'வை நம்பி அழைப்பை முடிக்கக் கூடாது. மருமகளையோ பேரனையோ முகக்கவசத்தோடு சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லி, ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்லுங்கள். ஆச்சியின் வயிறு மேலெழும்போதெல்லாம், நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் போல அந்த மருமகளோ பேரனோ 'ம்' கொட்ட, நீங்கள் கடிகாரத்தைப் பார்த்து முழு 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலும் 24 என்பது 20 ஆகிவிடும். எண்ணுவது தெரிந்தால் ஆச்சியின் மூச்சே மாறிவிடும். நடந்து வந்த உடனேயும் எண்ணாதீர்கள். பெரியவர்களுக்கு 24-ஐ எட்டினால் அன்றே நேரில் பார்க்க வேண்டும். 30-ஐத் தாண்டினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழையுங்கள்.

ஒரே மூச்சில் எண்களைச் சொல்லச் சொல்லும் முறையை நான் ஏற்பதில்லை. இத்தகைய தொற்றில் அதை நம்புவதற்குப் போதிய சான்று இல்லை. வீடியோவைவிடச் சாதாரண அழைப்பே மேல்: களக்காடு, பாபநாசம் பக்கத்து மலையடிவார ஊர்களில் படம் உறைந்தால், மூச்சும் நின்றதாகவே தோன்றும்.

ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் கருவியை விரலில் மாட்டுமுன் நகப்பூச்சை அழித்து, விரலைத் தேய்த்துச் சூடாக்க வேண்டும். திரையிலுள்ள இரண்டு எண்களையும் கேளுங்கள். நாடித்துடிப்பையே ஆக்சிஜன் என்று படித்துவிடுவார்கள். ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

பிற்சேர்க்கை: பீடி குடிக்கும் தாத்தாவுக்குக் கருவி 97 காட்டியும் மூச்சு வாங்குகிறதே என்று முக்கூடல் பக்கத்துச் செவிலியர் ஒருவர் கேட்டிருந்தார். புகையின் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டால், கருவி அதையும் ஆக்சிஜனாகவே கணக்கிட்டுக் கூடுதலாகக் காட்டக்கூடும். மூச்சு எண்ணிக்கை 28 என்றால், 97-ஐப் பார்த்துக் காத்திராமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள்.