ஒரு ப்ளேயர், இரண்டு ஆம்ப்: பிரிக்கும்போது ஒலி எங்கே குறைகிறது?

கூடத்தில் ஒரு ஆம்ப், இரண்டாம் கட்டில் இன்னொன்று, இரண்டுக்கும் ஒரே ப்ளேயர். கும்பகோணம், மாயவரம் பக்கத்து நீளமான பழைய வீடுகளில் இப்படித்தான் கேட்கத் தோன்றும். ஒரு முனையை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள் போட்டுப் பிரித்ததும் “சத்தம் மங்கிடுச்சு” என்று அதன்மேல் பழி விழுகிறது. பெரும்பாலும் ஒய் கேபிள் ஒரு பாவமும் செய்திருக்காது. ப்ளேயரின் அவுட்புட்டால் இரண்டு ஆம்ப்பையும், நடுவே ஓடும் ஒயரையும் சேர்த்துத் தாங்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

ப்ளேயரின் கையேட்டில் அவுட்புட் இம்பீடன்ஸும் (சிக்னலுக்கு ஒரு கருவி காட்டும் தடை), ஆம்ப்பின் கையேட்டில் இன்புட் இம்பீடன்ஸும் இருக்கும். 10 கிலோ ஓம் ஆம்ப் இரண்டை இணைத்தால் ப்ளேயருக்குத் தெரிவது 5 கிலோ ஓம். ப்ளேயர் 100 ஓம் என்றால் இதை உணரவே உணராது. 1 கிலோ ஓம் என்றால், ஒரே ஆம்ப் இருந்தபோது கிடைத்ததைவிட முக்கால் டெசிபல் குறையும். சேர்ந்த இம்பீடன்ஸ், ப்ளேயருடையதைப்போல் 10 மடங்காவது இருக்கட்டும்.

இந்த முக்கால் டெசிபல் எல்லா ஸ்தாயியிலும் சமமாகக் குறைவதால் தரம் கெடாது. ஆனால் ஒலி சற்றுக் குறைந்தாலே காது அதை மந்தம் என்று எடுத்துக்கொள்ளும். வால்யூமை ஈடுகட்டாமல் ஒப்பிட்டால் தீர்ப்பு தப்பாகத்தான் வரும். மீட்டரில் பார்க்கலாம்: ப்ளேயரில் 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஒலிக்கவிட்டு, இரண்டாவது ஆம்ப்பை இணைக்கும் முன்னும் பின்னும் அதன் அவுட்புட்டில் ஏசி வோல்ட்டை அளக்கவும். 1.00 இருந்தது 0.92 ஆனால் அதுதான் மேலே சொன்ன முக்கால் டெசிபல். மலிவான மீட்டரில் ஏசி 200 வோல்ட்டிலிருந்துதான் தொடங்கும். 2 வோல்ட் ரேஞ்ச் உள்ளதாக எடுங்கள்.

தரம் நிஜமாகவே கெடும் இடங்கள் வேறு. முதலாவது ஒயரின் நீளம். ஷீல்டு ஒயர் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் பிடிக்கும்; அது மேல் ஸ்தாயியைத் தின்னும். கூடத்திலிருந்து இரண்டாம் கட்டுக்கு 12 மீட்டர், இந்தப் பக்கம் 1 மீட்டர் என்றால் 1300. ப்ளேயருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் 50 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் மட்டும் வைத்திருந்தால், அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் 12.5 கிலோ ஓம் வரை ஏறும். அப்போது 10 கிலோ ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும். நாகஸ்வரத்தில் சீவாளியின் கூர்மை மழுங்கும், ஜால்ரா துணி சுற்றியதுபோல் கேட்கும். அதே இடத்தில் 10 கிலோ ஓம் கன்ட்ரோல் போட்டால் இந்த இழப்பு 49 கிலோ ஹெர்ட்ஸுக்குத் தள்ளிப்போகும், காதுக்கு எட்டாது.

இரண்டாவது, கீழ் ஸ்தாயி. வால்வ் ப்ரீஆம்ப்பில் அவுட்புட் கெப்பாசிட்டர் 0.47 மைக்ரோஃபாரட் என்று வையுங்கள். 10 கிலோ ஓமில் 34 ஹெர்ட்ஸில் தொடங்கும் 3 டெசிபல் இழப்பு, 5 கிலோ ஓமில் 68 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். தவிலின் தொப்பிப் பக்கம் வயிறு ஒட்டியதுபோல் ஆவது இதனால்தான்.

மூன்றாவதை யாரும் சந்தேகிப்பதில்லை. அணைத்து வைத்த ஆம்ப்பும் ஒயரில்தான் தொங்குகிறது. சிலவற்றில் இன்புட் ஐசியின் காப்பு டயோடுகள் சிக்னலின் உச்சியை உறிஞ்சிவிடும். ஓடுகிற ஆம்ப்பில் குரல் கரகரக்கும். அணைத்த ஆம்ப்பின் பின்னைக் கழற்றியதும் தெளிந்தால் காரணம் அதுவே.

இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து சின்ன பஃபர் போர்டு, அதாவது சிக்னலை வாங்கி, சுமை தாங்கும் வலுவோடு அப்படியே திருப்பிக் கொடுக்கும் சுற்று. டி.எல்.072 ஐசி ஒன்று, இடது வலது இரண்டுக்கும் போதும். இன்புட்டில் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் வழியாக 3ஆம் காலுக்கு. அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம். 2ஆம் காலை 1ஆம் காலோடு நேரே இணைக்கவும். 1ஆம் காலிலிருந்து தனித்தனி 100 ஓம் ரெசிஸ்டர் வழியே இரண்டு அவுட்புட். மறுபக்கச் சானலுக்கு 5, 6, 7ஆம் கால்கள் இதே வரிசையில். இரண்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து நடுமுனையைக் கிரவுண்டாக வையுங்கள். பிளஸ் 8ஆம் காலுக்கு, மைனஸ் 4ஆம் காலுக்கு. இரண்டிலிருந்தும் கிரவுண்டுக்கு, ஐசியை ஒட்டியே, 104 என்று அச்சிட்ட கெப்பாசிட்டர் ஒவ்வொன்று. இரண்டு பேட்டரியும் ஒருசேர அணையும் ஸ்விட்ச் அவசியம். ஒன்று மட்டும் போனால் ஸ்பீக்கர் ‘டம்’ என்று அதிரும். பஃபரை ப்ளேயர் பக்கத்திலேயே வையுங்கள், நீள ஒயர் அதற்குப் பின்னால் ஓடட்டும்.

பிரித்ததும் ‘ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் அது எர்த் சுற்று: இரண்டு ஆம்ப்பின் எர்த்தும் ஒயர் வழியே வளையமாக இணைந்துவிட்டது. இரண்டாவது ஆம்ப்பின் பின்னைக் கழற்றினால் நிற்கும். இரண்டு ஆம்ப்புக்கும் ஒரே பிளக்கிலிருந்து கரண்ட் கொடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் 10 கிலோ ஓமுக்கு 10 கிலோ ஓம் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை இரண்டாம் ஆம்ப் அருகில் போடலாம். மலிவான சிறிய டிரான்ஸ்ஃபார்மரில் கீழ் ஸ்தாயி கெடும். எர்த் காலை மட்டும் உடைக்கவே உடைக்காதீர்கள். லீக்கேஜ் வந்தால் பெட்டியே ஷாக் அடிக்கும், ஈரத் தரையில் உயிருக்கு ஆபத்து.

ரெக்கார்ட் ப்ளேயரின் ஊசியிலிருந்து வரும் சிக்னலைப் பிரிக்காதீர்கள். அது 47 கிலோ ஓமை எதிர்பார்க்கிறது; பாதியானால் மேல் ஸ்தாயி சரியும். ஃபோனோ ப்ரீஆம்ப்புக்குப் பிறகு பிரியுங்கள். சப்வூஃபருக்காக இடது, வலது இரண்டையும் ஒய் கேபிளில் நேராகச் சேர்க்கவும் கூடாது; ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கட்டும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் ஒய் கேபிளுக்கு ஆயுள் குறைவு. முலாம் தேய்ந்த பித்தளைப் பின்னில் களிம்பு பிடித்து, தொட்டால் ஒரு சானல் போய்ப்போய் வரும். குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், புளிப்பு உள்ளே தங்கி இன்னும் அரிக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நான்கைந்து முறை சொருகி எடுங்கள். பச்சைக் களிம்பு ஒயருக்குள்ளேயே ஏறியிருந்தால், கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுப் புதுப் பின்னைப் பற்றவையுங்கள்.