ரெய்ம்ஸ் பேராலயத்தை முடிசூட்டு விழாக்களின் வழியே பார்ப்பது எப்படி

பிரெஞ்சு அரசர்கள் முடிசூடிய, பிரான்சின் ரெய்ம்ஸ் நகரிலுள்ள அன்னை மரியா பேராலயத்தைக் காண்போர், முதலில் வெளியே நின்று மேற்கு முகப்பின் மேல்வரிசையிலுள்ள அரசர் சிலைகளை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்க்கத் தோன்றும். ஆனால், நடுக்கூடத் தரையில் பதித்த கல்லைத் தேடுங்கள். பிராங்கியரின் அரசர் குளோவிஸுக்கு ரெய்ம்ஸ் ஆயர் புனித ரெமிஜியுஸ் திருமுழுக்கு அளித்த இடத்தை அது குறிக்கிறது. அப்போது புறா ஒன்று வானிலிருந்து எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்தது என்ற மரபுக்கதையே, அரசர்கள் இங்கு வந்து முடிசூடியதற்கு அடிப்படையாயிற்று. விழாவின் உயிர்நாடி மகுடமன்று, அந்த எண்ணெயால் செய்யப்பட்ட அருட்பொழிவே என்பதை மனத்தில் கொண்டால், மற்றவை எளிதில் விளங்கும்.

பின்னர்ப் பீடத்தை நோக்கி நடந்து, 1429 ஜூலை 17 அன்று ஏழாம் சார்லஸ் முடிசூடியபோது, அவருக்காகப் போரிட்ட இளம்பெண் ஜோன் ஆஃப் ஆர்க் தம் கொடியுடன் அருகில் நின்ற காட்சியை எண்ணிப் பாருங்கள். இவ்வாலயத்தில் என்னை மிகவும் நெகிழச் செய்யும் நினைவு அதுவே.

அரசர்கள் தங்கி விருந்துண்ட தோ அரண்மனை ஆலயத்தை ஒட்டியே இருக்கிறது. புனிதக் குப்பி காக்கப்பட்ட புனித ரெமிஜியுஸ் ஆலயத்தையும் தவறவிடாதீர்கள். 1793இல் பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் அக்குப்பியை உடைத்தனர். ஆயினும் 1825இல் பத்தாம் சார்லஸ் இப்பேராலயத்திலேயே முடிசூடினார். அதுவே இறுதி விழா.