கரண்ட் ஸ்மோக்கர்ல வெறகுத் துண்டு போட்டு நல்ல புகை எடுக்கறது எப்படிங்க

எங்க மச்சான் அமெரிக்காவுல இருந்து ஒரேயடியா ஊருக்கு வந்தப்ப வீட்டுச் சாமானோட, கறிய மரப்புகையிலயே மெதுவா வேக வைக்கற ஒரு எலக்ட்ரிக் ஸ்மோக்கரும் கன்டெய்னர்ல வந்துச்சுங்க, சின்ன பிரிட்ஜ் மாதிரி ஒரு பொட்டி, அடியில 800 வாட்ஸ் காயில், அதுக்கு மேல மரச்சிராய் போடற ஒரு குட்டித் தட்டு. காங்கேயத்துப் பக்கம் எங்க தோட்டத்துச் சாளையில வெச்சு மொத தடவ கோழி போட்டோம். கறி என்னமோ பஞ்சாட்ட வெந்துச்சு, புகை வாசம் மட்டும் வரவே இல்லீங்க. அம்மா ஒரு வாய் தின்னுபோட்டு "இட்லிக் குண்டாவுல வெச்சிருந்தாலும் இதான் வந்திருக்கும்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

ஏன்னு கேட்டீங்கன்னா, உள்ள சூடு ஏறுனதும் தெர்மோஸ்டாட் காயில ஆஃப் பண்ணிரும், காயில் ஆறுனா சிராயும் அணைஞ்சிரும், பொறவு மறுக்கா சூடாகி கொஞ்ச நேரம் புகையும். அதும் தீயா எரியறதில்லீங்க, காத்து பத்தாம கருகுது, அவ்ளோதான். நல்ல புகைக்கு சின்னதா நெசமான தீ வேணும், அதுக்குத் தாராளமா காத்து வேணும். கறிக்குள்ள ஓரமா ஒரு செவப்பு வளையம் தெரியும் பாருங்க, அதும் தீயில வர்ற நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு ரெண்டும் கறிக்குச் செவப்பு நெறம் குடுக்கற மயோகுளோபின்ங்கற புரதத்தோட ஒட்டறதுல வர்றது, வெறும் காயில் சூட்டுல அது வராது.

அதனால சூட்டுக்கு கரண்ட், புகைக்கு வெறகுன்னு வேலையப் பிரிச்சுட்டோம், வெறகு வெளிய தனிப் பொட்டியில எரியும், புகை மட்டும் குழாய் வழியா உள்ள போவும்.

மொதல்ல கரண்ட் விஷயம். அங்கிருந்து வந்த மிஷின் 120 வோல்ட்டுங்க, நம்மூரு 230ல நேரா சொருகுனா அதே காயில் கிட்டத்தட்ட 2900 வாட்ஸ் இழுக்கப் பாத்து கன்ட்ரோல் போர்டோட கருகிரும். 230 வோல்ட்ட 120ஆ கொறைக்கற 1500 விஏ ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் ஒண்ணு போட்டுக்குங்க, எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீசியன உட்டுப் பாத்துக்குங்க. மிஷினோட வயரிங்க மட்டும் தொடாதீங்க, நாம செய்யற வேலைக்கு அது தேவையே இல்ல.

அடுத்து தீப்பொட்டி. வெல்டிங் பட்டறையில 3 எம்எம் எம்எஸ் தகட்டுல, அதாவது பூச்சில்லாத சாதா இரும்புத் தகட்டுல, ஒரு அடி நீளம், முக்கா அடி அகலம், முக்கா அடி உசரத்துக்கு ஒரு பொட்டி, மேல மூடி, உள்ள அடியில இருந்து ரெண்டு இஞ்ச் மேல ஒரு கம்பி ஜல்லடை, அந்த ஜல்லடைக்குக் கீழ காத்து போக நகத்தற மாதிரி ஒரு கதவு, எதிர்ப் பக்கம் மேல 3 இஞ்ச் குழாய்க்கு ஓட்டை. இத சொன்னாப் போதும், பட்டறை அண்ணன் செஞ்சு குடுத்துருவாரு. ஜிஐ தகடு, ஜிஐ குழாய் மட்டும் வேண்டவே வேண்டாம்னு அழுத்திச் சொல்லிருங்க, அதுல துத்தநாகப் பூச்சு இருக்குது, தீயில அது புகைஞ்சா விஷம். உள்பக்கம் பெயின்ட்டும் அடிக்கக் கூடாது. பழைய கேஸ் சிலிண்டர வெட்டிக்கலாமான்னு ஒருத்தர் கேட்டாரு, அந்த வெளையாட்டு ஆகாதுங்க.

குழாயச் சேர்க்கறது ரொம்ப சுளுவு. எங்க மிஷின்ல சிராய் போடற உருளை பக்கவாட்டுல இருந்து உள்ள போவும், அத உருவி, உள்ள இருந்த தட்டையும் எடுத்துட்டு, அந்த ஓட்டையிலயே 2 அடி நீளக் குழாயச் சொருகிட்டோம். சந்து இருந்த எடத்துல புத்துமண்ணக் கொழச்சு அப்பியாச்சு, அடுப்புக்கு பூசற அதே மண்ணுதான். உங்க மிஷின்ல அப்படி ஓட்டை இல்லீன்னா நீங்களா டிரில் போட்றாதீங்க, மிஷின் செவுத்துக்குள்ள வயர் ஓடும், விஷயம் தெரிஞ்சவங்களக் கூப்புடுங்க. ஸ்மோக்கர ரெண்டு ஹாலோ பிளாக் மேல ஏத்தி வைங்க, தீப்பொட்டி தரையில இருக்கட்டும், குழாய் மேல்நோக்கி ஏறுனாத்தான் புகை தானா இழுக்கும். ஸ்மோக்கர் மேல புகை வெளிய போற வென்ட்ட முச்சூடும் தெறந்து வைங்க. இத்தனையும் வெளியில, கூரைக்கும் தென்னமட்டைக்கும் தள்ளி. ரூமுக்குள்ளயோ கார் ஷெட்லயோ வெச்சா கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்னுபோடும்.

கறி போடறதுக்கு முந்தி ஒருக்கா சும்மாவே ரெண்டு மூணு மணி நேரம் எரிச்சு விடுங்க, தகட்டுல இருக்கற எண்ணெ பிசுக்கெல்லாம் போயிரும்.

இப்ப வெறகு, இதுலதான் ருசியே இருக்குது. கொய்யா, மா ரெண்டும் சாதுவான புகை, புதுசா செய்யறவங்க இதுல ஆரம்பிங்க. காடு முச்சூடும் கெடக்கற சீமைக்கருவேலம் அமெரிக்காக்காரங்க பார்பெக்யூவுக்கு எரிக்கற மெஸ்கீட் மரத்துக்குப் பங்காளி, புகை காரமா இருக்கும், ஒரு துண்டு போதும், மூணு போட்டீங்கன்னா நாக்கு மரத்துரும். வேம்பு கசப்பு, எனக்குப் புடிக்கல. அரளி, எருக்கு பக்கமே போவாதீங்க, அரளி சுத்த விஷம். பிளைவுட்டு, பெயின்ட் அடிச்ச பழைய கதவு ஜன்னலும் கூடாது. துண்டு கொய்யாக்கா அளவுக்கு, பட்டைய உரிச்சு, ஒண்ணோட ஒண்ணு தட்டுனா டக்குனு சத்தம் வர்ற அளவுக்குக் காஞ்சிருக்கோணும். தண்ணியில ஊற வைக்கச் சொல்லுவாங்க, கேக்காதீங்க, மொதல்ல வர்றது புகையில்ல, வெறும் ஆவி.

தீ மூட்டறது எப்படின்னா, பத்து கரித்துண்ட வெளிய கொட்டாங்குச்சி வெச்சுப் பத்த வைங்க, மண்ணெண்ணெ ஊத்தாதீங்க, வாசம் கறியில ஏறிரும். கரி மேல சாம்பல் பூத்ததும் ஜல்லடையில கொட்டி ஒரே ஒரு துண்டு வைங்க. மொதல்ல குபுகுபுன்னு வெள்ளப் புகை வரும், அப்ப கறிய உள்ள வெச்சுராதீங்க, காத்துக் கதவ இன்னும் தெறந்து விட்டுப் பத்து நிமிஷம் பொறுங்க. புகை மெலிஞ்சு, வெய்யில்ல பாத்தா லேசா நீலமா தெரியும், அதான் பதம். நான் காத்த அடைச்சா புகை நெறையா வரும்னு நெனச்சு அடைச்சேன், கோழி மேல தாரு பூசுனாப்ல கருப்பா ஒட்டி, நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிருச்சுங்க.

கோழிக்கு ஸ்மோக்கர 120 டிகிரி செல்சியஸ்ல வைங்க. தீப்பொட்டியில இருந்தும் கொஞ்சம் சூடு வரும், அதுக்குத் தக்கன காயில் தானாக் கொறைச்சுக்கும். அரமணி, முக்கா மணி நேரத்துக்கு ஒருக்கா ஒரு துண்டு, அதும் ரெண்டு மணி நேரத்தோட போதும், அதுக்கு மேல வெறும் கரண்ட்லயே வேகட்டும். ஒன்றரைக் கிலோ பிராய்லருக்கு எங்களுக்கு மூணு மணி நேரம் ஆச்சு, ஆனா நேரத்த நம்பாதீங்க, தொடையில எலும்பு ஒட்டாம தெர்மாமீட்டர் குத்துனா 74 டிகிரி காட்டோணும். நாட்டுக்கோழிய மொத தடவையே போட்றாதீங்க, ரப்பராட்டம் ஆயிரும்.

மசாலா ஒண்ணும் பெருசா இல்ல, உப்பு, ஈரோட்டு மஞ்சத்தூள், அரைச்ச வரமொளகா, கொஞ்சம் தேங்காயெண்ணெ. பாதிக் கோழிய பிச்சுப் போட்டு சின்ன வெங்காயமும் தேங்காப் பல்லும் சேத்து பள்ளிப்பாளையம் சிக்கன் மாதிரி வறுத்தோம், அம்மா அன்னைக்கு ஒண்ணும் சொல்லாம ரெண்டாவது தடவ சோறு போட்டுக்கிட்டாங்க.

வேலை முடிஞ்சதும் காத்துக் கதவ அடைச்சுருங்க, கரி தானா அணையும். சாம்பல அன்னைக்கே அள்ளாதீங்க, மேல ஆறுனாப்ல இருக்கும், உள்ள கங்கு கெடக்கும். மறுநா காலையில அள்ளித் தென்னைக்குப் போட்டுக்கலாம்.