வம்சாவளி மென்பொருளில் பதிவு எண்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வம்சாவளிக் கோப்பில் சுப்பிரமணியன் என்ற பெயரில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். தாத்தாவின் பெயரைத் தாங்குபவனைப் பெயரன் என்றே அழைக்கும் மொழியில் இது வியப்புக்குரியதன்று. இனிஷியலை நம்பலாம் என்று பார்த்தால் அதுவும் கைகொடுப்பதில்லை. சுப்பிரமணியன் மகன் ராமசாமி, ராமசாமி மகன் சுப்பிரமணியன் என்று தலைமுறைகள் மாறி மாறி வரும் வீடுகளில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் பெயர் மட்டுமன்றி இனிஷியலும் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது. பிறந்த ஆண்டு தெரியாத முன்னோர்களிடையே ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்ட மிஞ்சுவது, மென்பொருளில் அவர் பெயருக்கு அருகில் சிறிய எழுத்தில் நிற்கும் பதிவு எண்தான். அதைக் கையாள்வதில் பலரும் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவற்றை நானும் செய்து பார்த்திருக்கிறேன்.

எல்லா எண்களும் ஒரே வகை என்று நினைப்பதுதான் மற்றத் தவறுகளுக்கெல்லாம் தாய். கிராம்ப்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பதிவுக்கும் அதன் தரவுத்தளம் தன் உபயோகத்துக்காக ஒரு நீண்ட உள் அடையாளத்தை வைத்துக்கொள்கிறது. அன்றாட வேலையில் அது நம் கண்ணில் படுவதில்லை. திரையில் நாம் காண்பது வேறு: ஆட்களுக்கு ஐ0000, ஐ0001 என்றும், குடும்பங்களுக்கு எஃப்0000 என்றும் ஆங்கில எழுத்தோடு நான்கு இலக்கங்களாக ஓடும் எண். இதை நாமே திருத்தலாம். ஒரு கருவியை இயக்கி மொத்தமாக மாற்றி அடுக்கவும் செய்யலாம். லெகசி என்ற வம்சாவளி மென்பொருளிலும், 2013இல் நிறுத்தப்பட்ட பர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல் என்ற மென்பொருளிலும் இத்தகைய எண்ணுக்கு ‘ரின்’ என்று பெயர். மூன்றாவது, நாம் நம் வசதிக்காக இட்டுக்கொள்ளும் சொந்தக் குறிப்பு எண். மென்பொருள்களுக்கிடையே கோப்புகளைப் பரிமாறப் பயன்படும் ஜெட்காம் வடிவத்தில் இதற்கென்றே ‘ரெஃப்என்’ என்று தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். உள் அடையாளம் மென்பொருளுக்குச் சொந்தம், பதிவு எண் அந்தக் கோப்புக்குச் சொந்தம், குறிப்பு எண் ஒன்றுதான் நமக்குச் சொந்தம். இந்தப் பாகுபாடு மனத்தில் பதியாதவரை கீழே சொல்லப்போகிற ஒவ்வொன்றும் நடந்தே தீரும்.

கோப்பின் எண்ணைக் கோப்புக்கு வெளியே எழுதுவது எப்படிப்பட்ட வேலை என்பதற்கு என் அனுபவமே சாட்சி. அறுபதுக்கு மேற்பட்ட பழைய புகைப்படங்களின் பின்புறத்தில், அவற்றில் இருப்பவர்களின் பதிவு எண்களை மென்மையான பென்சிலால் ஒரு கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். அடுத்த ஆண்டு, அழித்த பதிவுகளால் எண்வரிசையில் விழுந்த ஓட்டைகள் கண்ணை உறுத்தவே, மறுவரிசைப்படுத்தும் கருவியை இயக்கினேன். திரை அழகாகிவிட்டது, படங்களின் பின்புறம் பொய்யாகிவிட்டது. ஐ0047 என்று எழுதியிருந்த படத்தில் இருப்பவர் என் பாட்டியின் அக்காள். கோப்பில் ஐ0047 இப்போது ஒரு கைக்குழந்தை. பழைய காப்புப் பிரதி ஒன்று தப்பியிருந்ததால் இரண்டையும் ஒப்பிட்டு மீட்க முடிந்தது. ஓட்டை விழுந்த எண்வரிசையால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மறுவரிசைப்படுத்துவது தவிர்க்கவே முடியாத நிலை வந்தால், பழைய எண், பெயர், பெற்றோர் பெயர் ஆகிய மூன்றும் அடங்கிய பட்டியலை எக்செல்லிலாவது தாளிலாவது முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் கருவியைத் தொட வேண்டும்.

அழித்த பதிவின் எண்ணை மீண்டும் பயன்படுத்துவது இதே தவறின் சத்தமில்லாத வடிவம். காலியான எண்ணைப் புதியவருக்குத் தானாகவே வழங்கும் மென்பொருள்கள் உண்டு. அமைப்புகளில் அதை நிறுத்த வழியிருந்தால் நிறுத்திவிடலாம். வழியில்லையென்றால், பதிவை அழிக்காமல் பெயரிடத்தில் ‘நீக்கப்பட்டது’ என்று எழுதி உறவுகளை மட்டும் அவிழ்த்துவிடுவது நான் கைக்கொள்ளும் முறை. பார்க்க அழகாக இராது என்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணைத் தேடிவரும் எவரும் வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்ட நேராது.

உறவினர் அனுப்பும் கோப்பை நம் கோப்போடு சேர்க்கும்போது குழப்பம் இரட்டிப்பாகிறது. அவரிடமும் 1 முதல் 300 வரை எண்கள் இருக்கும், நம்மிடமும் இருக்கும். மோதும் எண்களை அப்படியே விட முடியாது என்பதால், இறக்குமதி செய்யும் மென்பொருள் உள்ளே வருபவர்களுக்குப் புது எண் கொடுத்துவிடும். அதன்பின் அவர் தொலைபேசியில் “நூற்றுப் பன்னிரண்டாம் எண்ணைப் பார் தம்பி” என்று சொன்னால் நாம் பார்ப்பது வேறு யாரையோ. ஜெட்காம் கோப்பை உரைத்தொகுப்பியில் திறந்தால் ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் இரண்டு @ குறிகளுக்கு நடுவே ஓர் எண் தெரியும். அது அந்தக் கோப்புக்குள் ஒரு பதிவை இன்னொன்றோடு இணைக்கும் முடிச்சு மட்டுமே, மறுமுறை ஏற்றுமதி செய்யும்போது மாறிவிடக்கூடியது. 2021இல் வெளியான ஜெட்காம் 7.0 பதிப்பு பழைய ‘ரின்’ இடத்தையே எடுத்துவிட்டு, அடையாள எண்ணோடு அதை வழங்கிய அமைப்பு எது என்பதையும் குறிக்கும் வேறோர் இடத்தைத் தந்திருப்பது சரியான திசை என்பேன். வழங்கியவர் பெயர் இல்லாத எண் ஊர்ப் பெயர் இல்லாத கதவு எண்ணைப் போன்றது.

ஆகவே சேர்ப்பதற்கு முன், இரு தரப்பாரும் தத்தம் ஆட்களுக்கு ஊரையோ வீட்டுப் பெயரையோ முன்னொட்டாகக் கொண்ட குறிப்பு எண்களை இட்டுக்கொள்வது நல்லது: மதுரை-0112, தேவகோட்டை-0112 என்பதுபோல. அந்தக் குறிப்பு எண் ஏற்றுமதியில் பிழைத்து வருகிறதா என்பதை இரண்டே ஆட்கள் உள்ள சோதனைக் கோப்பில் ஒருமுறை பார்த்துவிடவும் வேண்டும். மென்பொருளுக்கு மென்பொருள் இது வேறுபடுகிறது. அதே சோதனையில் எழுத்துக் குறியேற்றம் (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 என்றிருக்கிறதா என்றும் கவனியுங்கள். இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் அனைத்தும் வினாக்குறிகளாகிவிடக்கூடும்; அந்த நிலையில் யார் யார் என்று சொல்ல எண்ணைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாது.

ஒரே ஆளின் இரு பதிவுகளை ஒன்றாக்கும்போது எந்த எண் தங்குகிறது என்று பாராமல் பொத்தானை அழுத்துவதும் அடிக்கடி நடப்பது. மறையப்போகும் எண்ணைத் தங்கும் பதிவின் குறிப்பில் எழுதிவிட அரை நிமிடம் போதும். பலர் கூடி ஒரே குடும்ப மரத்தைத் திருத்தும் ஃபேமிலிசர்ச் போன்ற இணையதளங்களில் நாம் அறியாமலேயே இன்னொருவர் பதிவுகளை இணைத்துவிட முடியும் என்பதால், அங்குள்ள எண்ணை நம் கோப்பில் குறிக்கும்போது பார்த்த தேதியையும் சேர்த்து எழுதுவது வழக்கமாக வேண்டும்.

எண்ணுக்குள் உறவைப் பொதிந்து வைக்கும் ஆசை எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் வருகிறது. அமெரிக்கரான ரெஜினால்ட் புக்கனன் ஹென்றி 1935இல் வெளியிட்ட, அந்நாட்டுக் குடியரசுத் தலைவர்களின் வம்சாவளி நூலில் கையாண்ட முறையில், மூலவர் 1, அவருடைய மூன்றாம் பிள்ளை 13, அந்தப் பிள்ளையின் இரண்டாம் பிள்ளை 132. படிக்க இனிமையான ஏற்பாடு. ஆனால் சிறு வயதிலேயே இறந்துபோன ஒரு மூத்த குழந்தை உண்டு என்று ஒரு பாட்டி நினைவுகூர்ந்ததும் 13 என்பவர் 14 ஆகிறார், அவருக்குக் கீழே உள்ள அத்தனை பேரும் மாறுகிறார்கள். பத்துப் பிள்ளைகள் பிறந்த வீடென்றால் பத்தாமவருக்கு இலக்கம் போதாமல் எழுத்தைத் தேட வேண்டும்.

முன்னோர்களை எண்ணும் ஐரோப்பிய முறையில் நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு சிக்கல் இருக்கிறது. 1590இலேயே கையாளப்பட்டு, பின்னாளில் வம்சாவளி ஆய்வாளர்களான சோசா, ஸ்டிராடோனிட்ஸ் ஆகியோரின் பெயர்களால் அறியப்பட்ட அம்முறையில் நாம் 1, தந்தை 2, தாய் 3. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய தந்தை, அதோடு ஒன்றைக் கூட்டினால் தாய். இப்போது ஒருவர் தம் அக்காள் மகளை மணந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய பிள்ளையிலிருந்து எண்ணினால், அப்பாவின் பெற்றோர் 4, 5. அம்மாவின் தாய் 7. அவளே அந்த அக்காள். அவளுடைய பெற்றோர் 14, 15. ஆனால் 4உம் 14உம் ஒரே மனிதர், 5உம் 15உம் ஒரே பெண். அதுவும் ஒரு வழியில் இரண்டு தலைமுறை மேலே, மறு வழியில் மூன்று தலைமுறை மேலே. இந்த எண்ணைப் பதிவு எண்ணாக வைத்துக்கொண்டால் ஒரே தாத்தாவுக்கு இரண்டு பதிவுகள் உண்டாகிவிடும். அறிக்கை அச்சிடும்போது மென்பொருளே இவ்வெண்களைக் கணக்கிட்டுப் போடட்டும். நிரந்தர அடையாளமாக வேண்டாம்.

சின்ன விஷயம் ஒன்று. எண்களை முன்பூஜ்யத்தோடு போதிய இலக்கங்களில் தொடங்க வேண்டும். எண்களை எழுத்தாகக் கருதி வரிசைப்படுத்தும் இடங்களில், பூஜ்யம் இல்லாவிட்டால் 10 என்பது 2க்கு முன்னால் வந்து நிற்கும்.

குடும்ப எண்ணை ஆள் எண்ணோடு குழப்பிக்கொள்வது தவறுகளில் கடைசி. திருமணப் பதிவுக்குத் தனி எண் உண்டு. தவறாக இணைத்த தம்பதியைப் பிரித்து மீண்டும் சேர்த்தால் பெரும்பாலும் புதிய குடும்ப எண் பிறக்கும். கல்யாணப் பத்திரிகைகளையும் பத்திரங்களையும் குடும்ப எண்ணில் அடுக்குவதை நான் விட்டுவிட்டேன். மணமகன், மணமகள் இருவரின் குறிப்பு எண்களையும் உறையின் மேல் எழுதுகிறேன். புகைப்படங்களின் பின்புறத்திலும் இப்போது குறிப்பு எண்தான் இருக்கிறது. அதற்கு மேலே இருந்த பழைய ஐ0047ஐ அழிக்கவில்லை, படிக்கும்படியாக ஒரு கோடு மட்டும் கிழித்திருக்கிறேன், ஏனென்றால் அந்த எண்ணோடு அச்சிட்ட பட்டியல்கள் இன்னமும் மூன்று உறவினர் வீடுகளில் இருக்கின்றன.